காதுக்கல்

காட்பாடியிலிருந்து கடலுக்கு
வேகமான ரயிலில்கூட இரண்டு மணி நேரம்.
எங்கள் விலங்கியல் துறையிலோ
மூன்றாவது அலமாரியில்
பதினேழு வருடமாக ஒரு கடல் இருக்கிறது,
ஊறுகாய் பாட்டில் உயரத்துக்கு.
மூடியைத் துடைப்பது என் வேலை.

உள்ளே பன்னிரண்டு லாந்தர் மீன்.
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
தலையில் பாதி கண்.
வயிற்றோரம் பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை,
ரவிக்கைக்குக் கொக்கி தைத்த மாதிரி.
அவைதான் விளக்குகள், எப்போதோ அணைந்தவை.
லேபிளில் அரபிக்கடல், நானூறு மீட்டர்.
தேதி இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது.

சாஜிதா வந்த பிறகுதான் தெரியும்:
பகலில் அது கீழே கிடக்கும்,
துரத்துகிறவனுக்கு மூச்சு முட்டுகிற நீரில்.
பொழுது சாய்ந்தால் ஏறும்.
சத்துவாச்சாரி மலையை
தினமும் ஒருமுறை ஏறி இறங்குவது போல,
அதுவும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு.
மேலே கூனி தின்னும்.
விடியுமுன் இறங்கிவிடும்.
நிலா முற்றிய இரவுகளில்
பாதி வழியோடு நின்றுகொள்ளும்.

வயிற்று விளக்கு வழி பார்க்க அல்லவாம்.
மேலிருந்து கசியும் வெளிச்சத்தின் அளவுக்கே
தானும் எரிந்து
தன் நிழலை அழித்துக்கொள்ள.
கீழே வாய் பிளந்து காத்திருப்பவனுக்கு
அங்கே மீனில்லை, தண்ணீர்தான்.

"விளக்கு ஏத்தி ஒளிஞ்சுக்குமா?" என்றேன்.
"ஆமா செலினக்கா" என்றாள்,
கத்தியைத் துடைத்தபடி.

அவளுக்கு வேண்டியது காது.
தலைக்குள் ஒரு ஜோடிக் கல்,
கடுகைவிடச் சிறிசு.
நாளுக்கு ஒரு வளையம் ஏறும்.
எண்ணினால் வயது.

எனக்கும் உண்டு அந்தச் சுண்ணாம்பு.
போன ஆவணியில் புரண்டு படுத்தபோது
கூரை சுழன்றது, கட்டில் கவிழ்ந்தது.
ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்
என் தலையைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்து,
மறுபக்கம் திருப்பி, உட்கார வைத்து,
"காதுக்குள்ள ஒரு துகள் இடம் மாறிடுச்சு,
அவ்வளவுதான்" என்றாள்.
உலகம் நின்றது. நான் பஸ் பிடித்தேன்.

மே மாதம், மூன்று மணி.
கல் பறந்துவிடுமென்று ஃபேனை நிறுத்தியிருந்தோம்.
முதல் தலையில் கல் இல்லை.
இரண்டாவதில் இல்லை.
ஆறாவதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.
ஆனாலும் பன்னிரண்டையும் திறந்தாள்.
கெடாமலிருக்க ஊற்றிய ஃபார்மலின்
பதினேழு வருடமாய்
அந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கரைத்திருக்கிறது.
நான் துடைத்த மூடிக்குக் கீழே.
சாஜிதா ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள்.

திங்கட்கிழமை ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.
மேல்விஷாரத்தில் அவள் அத்தாவுக்குத்
தீவனக் கடை.
கோழிக்கென்று வரும் கழிவுக் கருவாட்டில்
மூன்றரைச் சாக்கைச் சலித்திருக்கிறாள்.
நாலாவதின் அடியில், இறால் ஓட்டோடு ஒட்டி,
தலை நசுங்காமல் ஒன்று.
செதில் வலையிலேயே உதிர்ந்திருக்கும்.
வால் எங்கோ ஒடிந்திருந்தது.
கண் காய்ந்த மிளகு.
பொட்டுகள் மட்டும் வரிசை கலையாமல்.

கல் இருந்தது.
நகப்பூச்சில் ஒட்டி, மெல்லத் தேய்த்து,
மூன்று முறை எண்ணினாள்:
இருநூற்று ஒன்பது,
இருநூற்றுப் பதினொன்று,
இருநூற்றுப் பதினொன்று.
என்னையும் பார்க்கச் சொன்னாள்.
குறுக்கே நறுக்கிய வெங்காயம்.
ஓரத்தில் ஒரு வளையம்
முழுசாக ஏறவில்லை.

லேபிள் எழுதுவது என் வேலை.
பெயர், ஆழம், பிடித்த இடம்.
ஆழம் தெரியாது, கோடு போட்டேன்.
இடத்துக்கு நேரே எழுதினேன்:
மேல்விஷாரம், தீவனக் கடை, நாலாம் சாக்கு.
சார் பார்த்தால் கிழிப்பார்.
சாஜிதா படித்துவிட்டு
ஒற்றைப் புள்ளியைத் திருத்தித் தந்தாள்.

மீதிச் சாக்கு
கோழிக்குப் போய்விட்டது.